குரங்கின் குரலில் வந்த புலி

மருதங்காட்டு மிருகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புலியை முதலில் பார்க்கும் மிருகம் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்ட மிருகங்கள் எல்லாம் அதையே திருப்பிக் கத்திவிட்டு ஓட வேண்டும். "பார்த்தாயா? எங்கே பார்த்தாய்? நிஜமாகவா?" என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டு முடிப்பதற்குள் புலி சாப்பிட்டு முடித்துவிடும் அல்லவா?

நல்ல வழக்கம்தான். அதனால் உயிர் பிழைத்த மான்களும் முயல்களும் ஏராளம்.

முதலில் பார்ப்பது பெரும்பாலும் குரங்கு தாண்டவம். காட்டிலேயே உயரமான மருதமரத்தின் உச்சிக் கிளைதான் அதன் இருப்பிடம். "நான் ஒருத்தன் இல்லேன்னா இந்தக் காடு எப்பவோ காலி" என்று நாளைக்கு நான்கு தடவையாவது சொல்லிக்கொள்ளும். மற்றவையும் மறுத்ததில்லை.

பிறகு காட்டுக்குப் போன் வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பேசுகிற ஆமையை ஒப்புக்கொள்கிறவர்கள் போன் வைத்திருக்கிற ஆமையையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வந்த போனுக்குள் மிருகங்கள் தங்கள் பழைய வழக்கத்தையும் கொண்டுபோய் வைத்தன. ஒரு செய்தியில் 'ஆபத்து' என்று இருந்தால் போதும், மேற்கொண்டு படிக்காமலே பத்துப் பேருக்கு அனுப்பிவிடும். 'ஆபத்து! இன்று தண்ணீர் குடித்தால் காது உதிர்ந்துவிடும்' என்று ஒருமுறை வந்தது. முயல்கள் ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அனுப்பின.

காட்டில் இரண்டு நீர்நிலைகள். மேலே குளம், கீழே குட்டை. குளத்தின் மதகைத் திறந்தால்தான் குட்டைக்குத் தண்ணீர் போகும். குளத்துக்கரையில் ஒரு மரப் பொந்தில் இருந்த கணினி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. மூன்று நாளைக்கு ஒரு முறை அதுவே மதகைத் திறக்கும், அளவாக விட்டு அதுவே மூடும். அந்தக் கணினிக்குப் பொறுப்பு ஆமை அகிலாண்டம்.

அகிலாண்டத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. வாரம் ஒரு முறை கணினியில் இருப்பதையெல்லாம் ஒரு பென் டிரைவில் நகல் எடுக்கும். அதைக் கழற்றித் தாமரை இலையில் சுற்றி, மணல்மேட்டில் குழி தோண்டிப் புதைத்துவிடும். ஆமை முட்டையை எப்படிப் புதைக்குமோ அப்படியே, மேலே மணலைத் தட்டிச் சமன் செய்துவிட்டு வரும்.

தாண்டவம் அதைப் பார்த்துச் சிரிக்காத வாரமே கிடையாது.

"ஏங்க்கா, அது என்னிக்குக் குஞ்சு பொரிக்கும்?"

"பொரிக்காம இருந்தா நல்லது தம்பி. கணினியிலேயே மாட்டி வச்சா, கணினிக்கு வர்ற சீக்கு அதுக்கும் வரும். முட்டையை யாராவது படுக்குற இடத்துலயே வைப்பாங்களா?"

"எல்லாரும் அங்கதானே வைக்கிறாங்க?"

"பாம்புக்கு அதுதானே வசதி" என்று சொல்லிவிட்டு அகிலாண்டம் நடக்கத் தொடங்கும்.

இவ்வளவு கவனமான ஆமையும் ஒரு தவறு செய்திருந்தது. கணினியின் கடவுச்சொல்லைத் தாண்டவத்திடம் சொல்லி வைத்திருந்தது. "நான் நடந்து வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். ஏதாவது அவசரம்னா நீ திற" என்று சொல்லியிருந்தது. தாண்டவத்துக்கு எல்லாமே அவசரம்தான் என்பது அப்போது அதற்குத் தோன்றவில்லை.

இனி அந்தத் திருடனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரிச்சான் சிங்காரம். கன்னங்கரேலென்று பளபளக்கும் பறவை. வாலில் இரண்டு நீண்ட இறகுகள், நுனியில் துடுப்பு மாதிரி தொங்கும். யாருடைய குரலிலும் அது பேசும். மயில் மாதிரி அகவும், மான் மாதிரி கத்தும். காலையில் மைனாக்கள் புழு தோண்டும்போது மறைவாக உட்கார்ந்து, மானின் குரலில் "புலி!" என்று கத்தும். மைனாக்கள் பறந்ததும் இறங்கிப் புழுவைச் சாப்பிடும். நாளைக்கு ஐந்து புலி விட்டால் அதன் வயிறு நிறைந்துவிடும். வழக்கப்படி யாரும் கேள்வி கேட்காததால் இத்தனை வருஷமும் அது மாட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அதன் ஆசையெல்லாம் ஈசல் மேல். கரடி மாசிலாமணி மழைக்காலத்தில் ஈசல் பிடித்து, பாறையில் காயவைத்து, கூடை கூடையாகக் குகைக்குள் அடுக்கியிருந்தது. புலி வருகிறது என்றாலும் கரடி குகையை விட்டு வெளியே வராது, குகைக்குள்தான் ஓடும். அங்கே மட்டும் சிங்காரத்தின் வித்தை பலிக்கவில்லை. அதனால் அது போனைக் கையில் எடுத்தது.

ஒரு நாள் காலை தாண்டவத்தின் போனில் ஒரு செய்தி வந்தது.

'ஆபத்து! புலி எங்கே இருக்கிறது என்று உடனுக்குடன் காட்டும் புதிய செயலி: புலிக்கண்ணாடி. முற்றிலும் இலவசம். இன்று ஒரு நாள் மட்டும். இப்போதே இறக்குங்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.'

தாண்டவத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உச்சிக் கிளையில் உட்காராமலே புலியைப் பார்க்கலாமா! உடனே இறக்கியது. உடனே அனுப்பியது. பத்துப் பேர் நூறு பேருக்கு அனுப்ப, வெயில் ஏறுவதற்குள் காடு முழுவதும் புலிக்கண்ணாடி மாட்டிக்கொண்டுவிட்டது.

தாண்டவம் நேரே ஆமையிடம் ஓடியது. "அக்கா, நம்ம கணினியிலயும் இதைப் போட்டுடுங்க. பெரிய திரையில புலியைப் பார்க்கலாம்."

"இதை யாரு செஞ்சது?"

"தெரியலியே."

"உனக்கு யாரு அனுப்புனது?"

"அதுவும் தெரியலை. ஆனா ஆபத்துன்னு போட்டிருந்துச்சு."

"பேர் தெரியாதவன் குடுத்த பழத்தைத் திம்பியா தம்பி?"

"திம்பேனே" என்றது தாண்டவம். குரங்கிடம் கேட்கக் கூடாத கேள்விதான் அது.

"வேண்டாம். போடாதே" என்று சொல்லிவிட்டு அகிலாண்டம் வெயில் காயப் போய்விட்டது.

தாண்டவத்துக்கு மனசு கேட்கவில்லை. அக்காவுக்கு வயசாயிடுச்சு, புதுசு என்றாலே பயம் என்று நினைத்தது. நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தது. பொந்துக்குள் நுழைந்து, கடவுச்சொல்லைத் தட்டி, புலிக்கண்ணாடியைக் கணினியிலும் இறக்கியது.

திரை ஒருமுறை சிமிட்டியது. பிறகு கறுத்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

'மதகு பூட்டப்பட்டது. சாவி என்னிடம் இருக்கிறது. மாசிலாமணியின் ஈசலில் ஒரு கூடையைப் பெரிய பாறை மேல் வையுங்கள். இல்லாவிட்டால் இனி மதகு திறக்காது.'

அதே நேரத்தில் காட்டில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. "புலி கிழக்கே! புலி மேற்கே! புலி உன் பின்னால்!" மான்கள் மேற்கே ஓடி முயல்கள் மேல் மோதின. முயல்கள் கிழக்கே ஓடிப் பன்றிகள் மேல் மோதின. புலியிடமும் ஒரு போன் இருந்தது. 'புலி உன் பின்னால்' என்று பார்த்ததும் அதுவும் வழக்கப்படி பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு ஓட்டம் பிடித்தது. மூன்று திருப்பம் தாண்டிய பிறகுதான் அதற்கு ஏதோ உறைத்தது.

இத்தனை கூத்துக்கு நடுவில் கீழே குட்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. கெளுத்தி மீன் பவளத்தின் குரல்.

"அகிலாண்டக்கா! இன்னிக்கு எங்க முறையாச்சே. இன்னும் தண்ணி வரலியே?"

பவளம் போன வாரம்தான் குஞ்சு பொரித்திருந்தது. இருநூறு குஞ்சுகள். குட்டையில் தண்ணீர் ஒரு முழ ஆழம்கூட இல்லை. ஓரமெல்லாம் சேறாகி வெடிக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தேங்கிய தண்ணீரில் இருநூறும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. வெயிலோ தலைக்கு மேல்.

அகிலாண்டம் வந்து திரையைப் பார்த்தது. தாண்டவத்தைப் பார்த்தது. தாண்டவம் தன் வாலைப் பார்த்தது.

"நீதானா?"

"நாந்தான்க்கா."

அகிலாண்டத்துக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அதைத் திட்டித் தீர்க்க ஆமைக்கு அரை நாள் ஆகும். அவ்வளவு நேரம் பவளத்திடம் இல்லை.

"பொழுது சாயறதுக்குள்ள தண்ணி போகலேன்னா அந்தக் குஞ்சுங்க ஒண்ணும் மிஞ்சாது. திட்டு அப்புறம். இப்ப வேலை."

யானைகள் இருந்திருந்தால் மதகைத் தூக்கிப் பார்த்திருக்கும். அவை கோடைக்கு மலையேறிப் போய்விட்டன. கரடி மாசிலாமணி முட்டுக்கொடுத்துத் தள்ளிப் பார்த்தது. இரும்புக் கதவு அசையவில்லை.

"ஒரு கூடைதானே கேக்குறான்" என்றது கரடி. "பச்சைக் குழந்தைங்க. குடுத்துத் தொலைக்கிறேன்."

"குடுக்காதீங்கண்ணே. குடுத்தா திறப்பான்னு என்ன நிச்சயம்?" என்றது ஆமை.

"வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

நல்ல மனசுக்காரக் கரடி. யார் சொல்லியும் கேட்கவில்லை. இருந்ததிலேயே நல்ல கூடையாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறை மேல் வைத்தது. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூடை காலியானது. திரையில் எழுத்துகள் மாறின.

'ஈசல் அருமை. இன்னும் ஐந்து கூடை.'

கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"அக்கா" என்றது தாண்டவம், மெல்லிய குரலில். "அந்த மணல்ல புதைச்சது..."

"அதுக்குத்தான் வர்றேன். முதல்ல மேலே ஏறி, கணினிக்குப் போற இணைப்பைப் பிடுங்கு. வெளியில இருந்து அவன் கை உள்ளே வரக் கூடாது."

தாண்டவம் இரண்டே தாவலில் ஏறிப் பிடுங்கியது. அகிலாண்டம் எல்லா மிருகங்களையும் போனை அணைக்கச் சொன்னது. காட்டில் அமைதி வந்தது. முயல்கள் இருந்த இடத்திலேயே மயங்கி விழுந்து ஓய்வெடுத்தன.

மணல்மேட்டுக்கு ஆமை நடந்து போய்ச் சேர்வதற்குள் குட்டை காய்ந்துவிடும். தாண்டவம் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடியது. "இங்கே. இன்னும் ரெண்டு அடி தள்ளி. நிறுத்து" என்று ஆமை வழி சொல்ல, கரடி தோண்டியது. தாமரை இலைச் சுருள் வெளியே வந்தது. உள்ளே பென் டிரைவ், ஒரு தூசு இல்லாமல்.

"பொரிச்சிடுச்சு அக்கா!" என்று குதித்தது தாண்டவம். அதைப் பறித்துக்கொண்டு கணினியை நோக்கிப் பாய்ந்தது. மாட்டப் போன கையை ஆமையின் அதட்டல் நிறுத்தியது.

"வை கீழே! கணினிக்குள்ள இன்னும் அந்தச் சனியன் உட்கார்ந்திருக்கு. இப்ப மாட்டினா இதையும் கடிச்சிடும். முதல்ல மொத்தத்தையும் துடைக்கணும். அப்புறம்தான் நகல்."

தாண்டவம் பென் டிரைவைப் பொந்து வாசலில் இலை மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது அன்றுதான். அகிலாண்டம் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிக் கணினியைத் துடைக்கத் தொடங்கியது. கீழே பவளத்தின் குரல் வரவர மெலிந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் இலை மறைவில் இருந்து சிங்காரம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்னத் துண்டு உள்ளே போய்விட்டால் ஐந்து கூடை ஈசல் போய்விடும் என்று அதற்குப் புரிந்தது. அது தன் பழைய வித்தையை எடுத்தது. யார் குரல் கொடுத்தால் காடே கேள்வி கேட்காமல் ஓடுமோ, அந்தக் குரலை எடுத்தது.

"புலி! புலி! குளத்துக்கரையில புலி! ஓடுங்க!"

மான்கள் பறந்தன. கரடி குகையைப் பார்த்து ஓடியது. தாண்டவமும் வழக்கப்படி "புலி! புலி!" என்று திருப்பிக் கத்திக்கொண்டே மூன்று கிளை தாவிவிட்டது.

நான்காவது கிளையில் நின்றது.

அந்தக் குரல் அதற்கு நன்றாகத் தெரிந்த குரல். நாளைக்கு நான்கு தடவை தன்னைப் பற்றிப் பெருமை பேசும் குரல்.

"நான் இங்கே இருக்கேன்" என்றது தாண்டவம், மெதுவாகத் தனக்குத்தானே. "அப்ப அங்கே கத்துற தாண்டவம் யாரு?"

அந்தக் காட்டில் ஒரு மிருகம் எச்சரிக்கைக் குரலைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

அது திரும்பிப் பார்த்தது. குளத்துக்கரையில் புலியும் இல்லை, பூனையும் இல்லை. ஓட முடியாத ஆமை மட்டும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தது. இலை மேல் இருந்த பென் டிரைவை நோக்கி ஒரு கறுப்புப் பறவை இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அலகில் ஒரு ஈசல் இறக்கை ஒட்டியிருந்தது.

தாண்டவம் நான்கு கிளைகளையும் ஒரே தாவலில் திரும்பக் கடந்தது. சிங்காரத்தின் அலகு பென் டிரைவைத் தொடுவதற்கும் தாண்டவத்தின் கை சிங்காரத்தின் வாலைப் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. "விடு! விடு!" என்று அது மயில் குரலில் கத்தியது, மான் குரலில் கத்தியது, கடைசியில் வேறு வழியில்லாமல் தன் சொந்தக் குரலில் கத்தியது. அது ரொம்பச் சின்னக் குரல். துடுப்பு இறகு ஒன்று தாண்டவத்தின் கையோடு வந்துவிட, சிங்காரம் ஒற்றை வாலோடு மேல்கிளையில் போய் ஒண்டிக்கொண்டது.

"துடைச்சாச்சு" என்றது அகிலாண்டம், ஒன்றுமே நடக்காத மாதிரி. "இப்ப மாட்டு தம்பி."

தாண்டவம் மாட்டியது. திரை வெளுத்தது. பழைய கணக்குகள், பழைய முறைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. மதகு ஒரு முனகல் முனகியது. பிறகு கதவு உயர்ந்தது.

தண்ணீர் கால்வாயில் நுரைத்துக்கொண்டு ஓடியதைப் பார்க்க வேண்டுமே! தாண்டவம் கரையோரமாக அதோடு போட்டி போட்டு ஓடியது. கீழே குட்டையில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்த தண்ணீரில் பவளம் தன் உடம்பால் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு கிடந்தது. முதல் அலை வந்து எல்லாவற்றையும் தூக்கியது.

"எண்ணிப் பாருங்க மதினி!" என்று கத்தியது தாண்டவம்.

"எங்கே எண்ணுறது, ஒண்ணாவது ஒரு இடத்துல நிக்குதா?" என்றது பவளம். அது சிரித்தது, அழுதது; தண்ணீருக்குள் இருந்ததால் எது எப்போது என்று தெரியவில்லை.

அன்று மாலை குளத்துக்கரையில் பெரிய விருந்து. மாசிலாமணி இரண்டு கூடை ஈசலை உப்புப் போட்டு வறுத்தது. மிருகங்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் போனில் இருந்த புலிக்கண்ணாடியை அகிலாண்டத்தின் எதிரில் அழித்தன. பிறகு தாண்டவம் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை.

"கடவுச்சொல்லைச் சொன்னது என் தப்பு" என்றது ஆமை. "இப்ப மாத்திட்டேன். நீ என் தம்பிதான். ஆனாலும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்கக்கா" என்றது தாண்டவம் மனப்பூர்வமாக.

கரடி ஒரு கைப்பிடி ஈசலை எடுத்துக்கொண்டு மேல்கிளையைப் பார்த்தது. "ஏன்டா சிங்காரம், ஈசல் வேணும்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே. குடுத்திருப்பேனே."

யாரிடமும் எதையும் தன் சொந்தக் குரலில் சிங்காரம் கேட்டதே இல்லை. முதல் தடவையாக, "ஒரு கைப்பிடி கிடைக்குமா?" என்றது அந்தச் சின்னக் குரல். கரடி கொடுத்தது. ஆனால் கூடையைத் தன் மடியை விட்டு நகர்த்தவில்லை.

அன்றே வழக்கத்தையும் மாற்றினார்கள். புலி என்று கத்துகிற மிருகம் எல்லார் கண்ணிலும் படுகிற கிளையில் நின்றுதான் கத்த வேண்டும். போனில் ஆபத்து என்று வந்தால், அனுப்பிய மிருகத்தைக் கூப்பிட்டு, "நீதானா? உனக்கு யார் சொன்னது?" என்று கேட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே காட்டில் செய்திகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. முயல்களின் காதுகளும் உதிரவில்லை.

பத்து நாள் கழித்து நிஜப் புலி வந்தது. தாண்டவம் உச்சிக் கிளையில் ஏறி நின்று, இரண்டு கையையும் ஆட்டி, "புலி! மேற்கே, மூங்கில் புதர் பக்கம்! நாந்தான் சொல்றேன், பார்த்துக்குங்க!" என்று கத்தியது. எல்லா மிருகங்களும் தலையைத் தூக்கின. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். தாண்டவத்தைப் பார்த்தன, ஓடின. ஒன்றும் அகப்படவில்லை.

வெறும் வயிற்றோடு புலி குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டே ஆமையிடம் கேட்டது. "அந்தச் செயலி இன்னும் இருக்கா? நான் எங்கே இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சது சௌகரியமா இருந்துச்சு."

"அழிச்சாச்சு. உன் போனையும் கொண்டா" என்றது அகிலாண்டம்.

ஆபத்து என்று அவசரப்படுத்தும் குரல் யாருடையது என்று விசாரித்துவிட்டு ஓடுகிறவர்தான், பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேருவார்.